திருப்பு வார்த்தை

ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலைத்திருக்கலாம். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லித் தொலைத்திருந்தால் இந்நேரம் அந்த அம்மா அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லி நிதானமாக வந்துகொண்டிருப்பார். இப்போது பார், அறுபது வயதில், தனியாக, இந்த மழையில், உயிரோடிருக்கிற அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக் காரை விரட்டிக்கொண்டு வருகிறார். அப்பா எங்கே இருக்கிறார்? ஒன்பது நாற்பதுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்து முதியோர் இல்லம் ஒன்றில், முதல் மாடியில், ஒன்பதாம் எண் அறையின் ஜன்னலோரம் நின்று, கீழே கார் நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் தனிஸ்லாஸ். அவனுக்குப் பின்னால் கட்டிலில் நெஞ்சு வரை போர்வை இழுத்துவிடப்பட்டு வால்டர் கிடந்தார், எண்பத்தெட்டு வயசு, நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். அவருடைய மகள் ஜூடித் லீட்ஸ் நகரத்திலிருந்து புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அரைமணியில் சிவப்புக் கார் அந்த வளைவில் திரும்பும். திரும்பினால் என்ன சொல்வது? அதுதான் கேள்வி, அது ஒன்றுதான் கேள்வி, காலையிலிருந்து இவன் மண்டைக்குள் அதுவே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது, வெளியே போக வழி தெரியாத ஈ மாதிரி. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். இறந்தவர் அறையில் இங்கே அப்படித் திறப்பார்களாம். குளிர் காற்று வந்தது. வால்டருக்குக் குளிருமே என்று கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்தப் பார்த்தது, பிறகு நின்றது.

அப்படி என்ன பெரிய பொய் சொல்லிவிட்டான்? ஒன்றுமில்லை. நம்ம ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னான். "ஜூடித், தி திங் இஸ், அப்பாவுக்கு உடம்பு ரொம்ப மோசமா இருக்கு, உடனே கிளம்பி வந்தா நல்லது" என்றான். அவ்வளவுதான். இதைத் திண்டுக்கல்லில் யாரிடமாவது சொல்லிப் பார், மறுபேச்சு இருக்காது, போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், கிளம்பி வா என்றால் தூக்குவதற்குள் வந்து முகத்தைப் பார்த்துவிடு என்று அர்த்தம். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டோம், வருகிற வழியிலாவது கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு வரட்டும் என்று. இவன் அப்படித்தான் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் ஒரு மௌனம் விழும், அதற்குள் எல்லாம் விளங்கிவிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இங்கே எல்லாருக்கும் இவன் டானி. அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "அப்பாடா, டானி! போன் மணி அடிச்சதும் முடிஞ்சே போச்சுன்னு பயந்துட்டேன். நேரம் இருக்குல்ல, இதோ வர்றேன், அப்பாகிட்ட சொல்லுங்க." சிரித்தார் வேறு. சிரித்தாரே, மாதாவே! அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஜனங்கள். மோசம் என்றால் மோசம், செத்தார் என்றால் செத்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் புகுந்து, இல்லைம்மா, நான் சொன்னதுக்கு அர்த்தம் அது இல்லை என்று சொல்ல எந்த வாத்தியாரும் இவனுக்கு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. "பார்த்து மெதுவா வாங்க, ரோடு ஈரமா இருக்கும்" என்று முடித்துவிட்டான்.

வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் அதுவும் பொய். சொல்லிக் கொடுத்ததுதான் வினை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் மூன்று மாதம் படித்தான், பதினாலு பேர், எல்லாரும் முதியோரைப் பார்த்துக்கொள்கிற இந்த வேலைக்கு விசா வாங்கக் காத்திருந்தவர்கள். பன் வேகிற வாசனை மாடி முழுக்க வரும், மத்தியானத்துக்கு மேல் பசியில் ஒருத்தனுக்கும் இங்கிலீஷ் ஏறாது. ஃபெலிக்ஸ் சார் சொல்வார், உங்களுக்கு இங்கிலீஷ் வராது, அதை முதல்ல ஒத்துக்கங்க, வராதவன் பொழைக்கிற வழி ஒண்ணு இருக்கு, பேச்சை அவன் இழுக்கிற பக்கம் போகாதே, உனக்குத் தெரிஞ்ச பக்கம் திருப்பு. அதற்குத்தான் திருப்பு வார்த்தைகள். சட்டைப் பையில் வைக்கிற சின்ன நோட்டில் தமிழெழுத்தில் வரிசையாக எழுதிக்கொண்டான். பை த வே, பேச்சை மாற்ற. தட் ரிமைண்ட்ஸ் மீ, தெரியாததிலிருந்து தெரிந்ததுக்குப் போக. ஹேவிங் செட் தட், மறுப்பதற்கு முன்னால் மரியாதைக்கு. தி திங் இஸ், கெட்ட விஷயம் சொல்லும் முன் மூச்சு வாங்க. எனிவே, முடிக்க. கேட்டவன் மறுபடி அதே இடத்துக்குப் போகாமல் கதவைச் சாத்திவிட எனிவேயைப் போல ஒன்று கிடையாது என்பார் சார். அந்த நோட்டு இப்போதும் யூனிஃபார்ம் பையில்தான் இருக்கிறது, ஓரமெல்லாம் மடங்கி, சோப்புத் தண்ணீர் பட்டு நீலம் பரவி. வந்த புதிதில் ஒன்றுக்குப் போகிற சாக்கில் கழிப்பறையில் நின்று அதைப் புரட்டுவான். பிறகு புரட்டத் தேவைப்படவில்லை. வாய்க்குப் பழகிவிட்டது. மேலதிகாரி ட்ரேசி எல்லார் முன்னாலும் சொன்னாள், டானி பேசினால் குடும்பத்துக்காரர்கள் குறையே சொல்வதில்லை, எப்படித்தான் பேசுகிறானோ என்று. எப்படிப் பேசினான்? குறை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பை த வே. துணி தொலைந்துபோனதைக் கேட்டால், தட் ரிமைண்ட்ஸ் மீ, நேற்று உங்கள் அம்மா பாட்டுப் பாடினார். பாடியிருக்கவே மாட்டார் அந்த அம்மா. ஆனாலும் கேட்டவருக்கு முகம் மலர்ந்துவிடும். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பங்களுக்குப் போன் போடுகிற வேலை இவன் தலையில் விழுந்தது, இவனும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மனைவி சகாயராணியிடம் போனில் பீற்றிக்கொண்டான், இங்க இருக்கிற நாப்பது பேர்ல என் இங்கிலீஷ்தான் நம்பர் ஒன் என்று. இன்றைக்கு அந்த நம்பர் ஒன் வந்து கழுத்தைப் பிடித்திருக்கிறது.

ஃபுங்கே சொன்னாள், நான் பண்றேன் என்று. நைஜீரியாக்காரி, இன்றைய பணிப்பொறுப்பு நர்ஸ், நல்ல மனுஷி, வால்டரின் மூச்சு நின்றதை அவள்தான் பார்த்து, ஐந்து நிமிடம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, கடிகாரம் பார்த்து ஒன்பது நாற்பது என்று எழுதினாள். மகளுக்கு நான் சொல்லிடறேன், மருந்து கொடுக்கிற நேரம், பரவாயில்லை என்றாள். இவன்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, எனக்கு அவரை நல்லாத் தெரியும், என் குரல் பழக்கம், நான் சொல்றேன் என்று வாங்கிக்கொண்டான். ஃபுங்கே ஒரு நிமிடம் பார்த்தாள். "நேரா சொல்லு. இறந்துட்டார்னு சொல்லு. போயிட்டார், தூங்கிட்டார், அதெல்லாம் வேண்டாம். பயிற்சியில சொன்னாங்கல்ல?" சொன்னார்கள். கம்ப்யூட்டரில் பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டுக்கும் சரியான பதிலைத் தட்டி, சான்றிதழ் கூட வாங்கினான். கேள்வி ஏழு: குடும்பத்தாரிடம் மரணத்தை எந்தச் சொல்லால் தெரிவிக்க வேண்டும்? தட்டினான், சரி, பச்சை விளக்கு. அப்புறம் தாழ்வாரத்தில் அவள் எதிரே வந்து, "சொல்லிட்டியா?" என்றபோது, "சொல்லிட்டேன்." "எப்படி எடுத்துக்கிட்டாங்க?" "தைரியமா." அவள் கண்ணில் அடுத்த கேள்வி வருவது தெரிந்தது, வருவதற்குள், "பை த வே, பன்னிரண்டாம் ரூம் அம்மா காலுல கட்டு அவிழ்ந்திருக்கு" என்றான், அவள் அந்தப் பக்கம் ஓடினாள். ஓடுவதற்கு முன் கையிலிருந்த பலகைக் கணினியில் ஒரு வரி தட்டினாள். ஒன்பது ஐம்பத்தைந்து, மகளுக்கு மரணம் தெரிவிக்கப்பட்டது, தெரிவித்தவர் டி. தனிஸ்லாஸ். அழிக்க முடியாது அதை. அதில் எழுதினால் எழுதியதுதான். அந்த ஒரு வரி ட்ரேசிக்குப் போகும், ஒரு புகார் வந்தால் அதை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள், பொய்ப் பதிவு என்பார்கள், வேலை போகும், வேலை போனால் விசா போகும், அறுபது நாளில் மூட்டையைக் கட்டு என்று கடிதம் வரும். சகாயராணி என்ன கேட்பாள்? ஏங்க, என்ன தப்பு பண்ணீங்க என்பாள். ஒரு தப்பும் பண்ணலைடி, செத்தவரைச் செத்தார்னு சொல்லலை. இதைச் சொன்னால் அவளுக்கே புரியாது, யார்தான் அப்படிச் சொல்வா என்பாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வந்தவுடன் காலில் விழுந்தாவது சமாளித்திருக்கலாம், வழியிலே முடிஞ்சிருச்சும்மா என்று ஒரு பேச்சு இருக்கவே இருக்கிறது. பத்து ஐம்பதுக்கு அல்லவா சனியன் பிடித்தது. பையிலிருந்த இல்லத்துப் போன் அடித்தது, நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கிலிருந்து ஜூடித். இவன் அப்போது இதே அறையில்தான் வால்டரின் முகத்தை வெதுவெதுப்பான துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "டானி, எப்படி இருக்கார்?" இதுதான் இரண்டாவது சந்தர்ப்பம். கார் ஓடவில்லை, நிற்கிறது, சொன்னால் ஆபத்து கிடையாது, பக்கத்தில் ஆள் இருப்பார்கள், ஒரு காபியாவது வாங்கிக் கொடுப்பார்கள். சொல்லு. "அமைதியா இருக்கார்" என்றான். அது பொய்யில்லை பார், அமைதியாகத்தான் இருந்தார். "வலி இருக்கா?" "இல்லை. வலி இல்லை." அதுவும் பொய்யில்லை. "பை த வே, மழை எப்படி அங்க?" என்று கேட்டான். ஜூடித் மழையைப் பற்றிப் பேசவில்லை. முதல் தடவையாக இவன் திருப்பியும் பேச்சு திரும்பவில்லை. "டானி, ஒரு உதவி. காது கடைசி வரைக்கும் கேட்குமாமே. போனை அவர் காதுகிட்ட வைக்கிறீங்களா? நான் வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா... எனக்கு அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

வைத்தான். எந்தக் கை வைத்தது என்று இப்போது இரண்டு கையையும் பார்த்தான், வலது கைதான். வேண்டாம் என்று சொல்லக் கூடாதா, போன் சார்ஜ் இல்லை, டாக்டர் வந்திருக்கிறார், ஆயிரம் சாக்கு இருக்கிறது, ஒன்றும் வரவில்லை, மந்திரித்து விட்டவன் போலப் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் காதோரம் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டான். விரல் முட்டி வால்டரின் காதில் பட்டது. காது முதலில் சில்லிட்டுப் போகும் போலிருக்கிறது. "டாடி, நான் ஜூட்" என்றது போன். "நான் வந்துகிட்டே இருக்கேன். நீங்க சாப்பிடுவீங்களே, அந்த வெள்ளை மிட்டாய், பெப்பர்மிண்ட், இங்க பங்க்ல இருக்கு, வாங்கிட்டு வர்றேன்." பிறகு கொஞ்ச நேரம் கார்கள் போகிற சத்தம். பிறகு சொன்னார். "டாடி, பட்டன் பத்தி நான் சொன்னது பொய். பண்ணையில கொண்டுபோய் விட்டேன்னு சொன்னேன்ல, விடலை. யாரும் எடுத்துக்கலை, கிழநாய், கண்ணு தெரியாது. நீங்க இல்லத்துக்குப் போன வாரமே ஊசி போட்டு முடிச்சுட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்க தினமும் கேட்டப்பல்லாம் எனக்கு..." அழுதார். இவன் சுவரைப் பார்த்தான். சுவரில் பட்டன் படம், காக்கி நிறத்தில் ஒரு சின்ன நாய், பஸ் ஸ்டியரிங்குக்கு மேல் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு. வால்டர் தினமும் காலையில் கேட்பார், பட்டன் எங்கே, யார் சாப்பாடு வைத்தது, கூட்டிட்டு வா. ஒன்பது மாதமாகக் கேட்டார். ஒன்பது மாதமாக இவனும், தட் ரிமைண்ட்ஸ் மீ வால்டர், டீ ஆறிப் போகுது என்பான். கிழவர் அடங்கிவிடுவார். ஒரு தடவையாவது, ஐயா, எனக்குத் தெரியாது, மகளைக் கேட்டுச் சொல்றேன் என்று சொல்லியிருந்தால், மகளிடம் கேட்டிருந்தால், சாமியாரிடம் பாவம் சொல்கிற மாதிரியான இந்தப் பாவ சங்கீர்த்தனம் உயிரோடிருந்த காதில் விழுந்திருக்கும். யார் திருப்பியது? இவன்தான். அந்தக் கிழவரை நாய்ப்பக்கம் போகவிடாமல் இருநூறு தடவை, முந்நூறு தடவை டீப்பக்கமும் பேப்பர்ப்பக்கமும் திருப்பித் திருப்பி அடித்தவன் இவன்தான்.

"கேட்டாரா, டானி? ஏதாவது பண்ணினாரா?" அங்கேதான். அங்கேதான் இவன் வாயில் புகுந்தது எதுவென்று இவனுக்கே தெரியாது. அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருக்கிறார், பெட்ரோல் பங்க்கில், மழையில். "விரல் அசைஞ்சது" என்றான். "அசைஞ்சதா!" "ஆமா. வலது கை. சின்ன விரல்." சின்ன விரல் என்று யார் கேட்டது, கடன்காரா? கேட்காததற்கெல்லாம் விவரம் சொல்லத் தெரிகிறது. "தேங்க் யூ, தேங்க் யூ டானி, நீங்க எனக்கு என்ன கொடுத்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிப் போனை வைத்தார். தெரியாதா? இவனுக்கா தெரியாது? இவன் போர்வையை விலக்கி வால்டரின் வலது கையைப் பார்த்தான். நகத்தடியில் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. சின்ன விரல் கொஞ்சம் வளைந்தே இருந்தது, எப்போதோ பஸ் கதவில் நசுங்கியதாம், வால்டரே சொல்லியிருக்கிறார். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அசைந்ததோ என்று இவனுக்கே ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியது சத்தியம். சட்டென்று கையைப் போர்வைக்குள் தள்ளினான்.

இவனுக்கா தெரியாது. பதினைந்து வருஷம் முன்னால் ஓசூரில் பம்ப் கம்பெனியில் காலை ஷிஃப்டில் நின்றுகொண்டிருந்தபோது சவரிமுத்து சித்தப்பாவிடமிருந்து போன். "தம்பி தனிசு, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. ஒண்ணும் பயப்படாத. லீவு சொல்லிட்டுக் கிளம்பி வந்துரு." அந்த நொடியே தெரிந்தது. தெரிந்ததை உடனே எங்கேயோ தள்ளி மூடி வைத்துவிட்டான், அவ்வளவு சாமர்த்தியம் மனுஷனுக்கு இருக்கும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சக்கரைக் கால், மெத்தென்றிருக்கிற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுடா என்று மூன்று மாதமாகக் கேட்டிருந்தார், இவனும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பஸ் ஏறப் போகிற வழியில் கடையைத் திறக்கச் சொல்லி நின்று வாங்கினான், எட்டாம் நம்பர், பிரவுன் கலர். செத்தவருக்கு எவனாவது செருப்பு வாங்குவானா? வாங்கினான் என்றால் சாகவில்லை என்றுதானே அர்த்தம். சேலம் தாண்டும்போது சித்தப்பாவுக்குப் போன் போட்டான். "சித்தப்பா, அப்பாகிட்ட சொல்லுங்க, செருப்பு வாங்கிட்டேன்னு." அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது, பிளாஸ்டிக் நாற்காலி, நிறைய நாற்காலி. பிறகு சித்தப்பா சொன்னார், "சொல்லிட்டேம்ப்பா. சிரிச்சாரு." சிரிச்சாரு. கரூர் தாண்டி ஊர் வரைக்கும் அந்தச் சிரிப்பை மடியில் செருப்புப் பெட்டியோடு வைத்துக்கொண்டு வந்தான், வழியில் பரோட்டா கூடச் சாப்பிட்டான், நன்றாகத்தான் இருந்தது பரோட்டா. தெருமுனையில் இறங்கும்போது கோயிலில் துக்க மணி. யாரோ ஓடிவந்து அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்கள், யாரென்று இன்றுவரை தெரியாது, அந்தச் செருப்பு என்ன ஆயிற்று என்றும் தெரியாது. மூன்றாம் நாள் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டிருந்தது, அதிகாலை ஐந்தரை மணியளவில் என்று. சித்தப்பாவை அவன் கேட்கவே இல்லை. எத்தனையோ நல்லது கெட்டதில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான், கேட்கவில்லை. சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். நல்லதுக்குத்தான் சொன்னார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். ஆனால் ஒன்று, அப்பா முகத்தை நினைத்தால் உண்மையாகச் சிரித்த சிரிப்பு எதுவும் ஞாபகம் வருவதில்லை, தான் பார்க்காத, நடக்காத அந்த ஒரு சிரிப்புத்தான் வந்து நிற்கிறது. அதைத் தள்ளவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அப்பா செத்ததற்கு அவன் சரியாக அழுததே இல்லை. எந்த நேரத்துக்கு அழுவது, ஐந்தரைக்கா, சேலம் தாண்டியதுக்கா?

பதினொன்று நாற்பது. நோட்டைப் பையிலிருந்து எடுத்தான், எதற்கு எடுத்தான் என்று தெரியாமல். தி திங் இஸ், ஜூடித்... இல்லை, அதில்தான் காலையில் ஆரம்பித்தது. ஹேவிங் செட் தட். எதைச் சொன்னதற்கு அப்புறம்? டு பி ஹானஸ்ட், இதற்கு நேரே எழுதியிருந்தான், நம்பிக்கை வரவழைக்க என்று. நம்பிக்கை வரவழைக்க! ஃபெலிக்ஸ் சார் உண்மை சொல்வதற்கு ஒரு வார்த்தை கூடத் தரவில்லையா என்று கடைசிப் பக்கம் வரை பார்த்தான், தரவில்லை. வழியிலே முடிஞ்சிருச்சு என்று சொல்லிவிட்டால்? நீங்க பேசினதுக்கு அப்புறம், நிம்மதியா, பதினொரு மணிக்கு. அந்த அம்மா அழுவார், கட்டிக்கொள்வார், காலம் பூரா விரலை நினைத்துக்கொண்டிருப்பார். ஃபுங்கே மட்டும் கீழே வராமல் இருந்தால் போதும், அந்தப் பலகையை அவர் பார்க்காமல் இருந்தால் போதும், இறப்புச் சான்றிதழில் நேரம் போடாமல் இருந்தால் போதும். அட, கையைத் தொட்டுப் பார்ப்பாரே. முதலில் அதைத்தான் தொடுவார், வலது கை, சின்ன விரல். விறைத்திருக்கும். தொட்டுவிட்டு இவனைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பதா, அதற்குள் தானே சொல்லிவிடுவதா? இவன் சித்தப்பாவைக் கேட்கவில்லை, இந்த அம்மா கேட்பார், இந்த ஜனங்கள் கேட்டுவிடுவார்கள். கேட்கட்டும். ஒருத்தராவது கேட்கட்டும். வளைவில் சிவப்புக் கார் திரும்பியது.

மாடிப்படி எப்படி இறங்கினான் என்று தெரியாது, ஃபுங்கேக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் இருந்தது. கோட்டுக்கூட இல்லாமல் மழையில் ஓடினான். ஜூடித் கார்க் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்திருந்தார், கையில் வெள்ளை மிட்டாய்ப் பொட்டலம், முகத்தில் அந்த வழியெல்லாம் சுமந்துவந்த தெளிச்சி. இவனைப் பார்த்ததும் தெளிச்சி நின்றது. இறங்கி நின்றார்.

"வால்டர் இறந்துட்டார்" என்றான். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. இவ்வளவு சின்னதா இது என்று இருந்தது.

அவர் கண்ணை மூடித் திறந்தார். தலையை ஆட்டினார். அழவில்லை. "நான் பேசினதுக்கு அப்புறம்தானே?" என்றார், மெதுவாக, ஒரு குழந்தையிடம் பதிலை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. "நான் பேசினப்புறம், இல்லையா, டானி?"

தலையை மட்டும் ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

"இல்லை. முன்னாடி. ஒன்பது நாற்பது."

மழை காரின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. ஜூடித் கணக்குப் போடுவது தெரிந்தது, ஒன்பது நாற்பது, போன் வந்தது ஒன்பது ஐம்பத்தைந்து, பங்க் பத்து ஐம்பது. உதடு அசைந்தது. "அப்ப விரல்?" என்றார்.

"அசையலை."

"அசையலை."

"இல்லைம்மா" என்றான், தமிழில் வந்துவிட்டது.

"அப்ப பட்டன் பத்தி அவருக்குத் தெரியாமலே போயிடுச்சு. நான் அங்க நின்னு, அத்தனை பேர் முன்னாடி..." அவர் முடிக்கவில்லை. இவனையே பார்த்துக்கொண்டு நின்றார், கோபமாகக்கூட இல்லை, ஏன் என்று மட்டும் ஒரு பார்வை. பதில் இருந்தது. ஓசூர் இருந்தது, சேலம் இருந்தது, எட்டாம் நம்பர் செருப்பு இருந்தது, எங்க ஊர்ல இப்படித்தாம்மா சொல்வோம் என்பது இருந்தது. வாயைத் திறந்தான்.

"எனிவே," என்றது அவன் வாய், "நனையுறீங்க. உள்ளே வாங்க."

அதைத் தன் காதாலேயே கேட்டான். திரும்ப எடுக்க முடியாது. ஜூடித் வாசலில் நிற்கிற யாரோ ஒரு ஆளிடம் கொடுப்பதுபோல மிட்டாய்ப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவனைத் தாண்டி நடந்தார். கண்ணாடிக் கதவுக்குள் ஃபுங்கே வந்துகொண்டிருந்தாள், பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு. கதவு திறந்தது, மூடியது. தனிஸ்லாஸ் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான். அன்றைக்குத் தெருமுனையில் தன் கையிலிருந்து செருப்புப் பெட்டியை வாங்கிக்கொண்ட ஆள், அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் எவ்வளவு நேரம் நின்றிருப்பான் என்று யோசித்தான்.